கடைமடைக்குக் கரண்டும் கடைசியா?

காற்றின் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. கடலோரத்தில் பிறந்தவர்கள் நாங்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் படுப்போம். 2018 நவம்பர் 16 நள்ளிரவு தாண்டி வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களைப் புரட்டிப் போட்டது. அதை யாராலும் தடுத்திருக்க முடியாது. புயல் வருகிறது என்று முன்கூட்டியே சொன்னார்கள். கரையோர மக்களை முகாம்களுக்குக் கூட்டிப்போனார்கள். அதற்குப் பாராட்டும் கிடைத்தது. அந்தப் பாராட்டு எங்கள் காதுக்கு வந்து சேரவே பல நாள் ஆயிற்று. டிவிக்குக் கரண்ட் இல்லை, செல்போனுக்கு டவர் இல்லை, விழுந்த மரங்களைத் தாண்டிப் பேப்பர்காரர் வர வழியில்லை.

எங்கள் கோபமெல்லாம் காற்று ஓய்ந்த பிறகு நடந்ததன் மேல்தான்.

பேராவூரணிப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. ஒரு கடைத்தெரு, ஒரு பள்ளிக்கூடம், சுற்றிலும் தென்னந்தோப்பு. மேட்டூரில் தண்ணீர் திறந்தால் கல்லணைக் கால்வாயில் அது எங்களை வந்து சேர்வது எல்லாருக்கும் கடைசியில்தான். அதைப் பொறுத்துப் பழகிவிட்டோம். கரண்டுக்கும் அதே கதிதான் என்று அந்தப் புயலில்தான் தெரிந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்துபோயின; எல்லாவற்றையும் ஒரே நாளில் நிமிர்த்த முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் முதலில் மாவட்டத் தலைநகர், பிறகு பெரிய ஊர்கள், பிறகு மெயின் ரோட்டுக் கடைகள். மெயின் ரோட்டில் விளக்கு எரிந்ததும் எங்கள் ஊருக்கே கரண்ட் வந்துவிட்டதாக ரேடியோவில் செய்தி. உள்தெருக்கள் இருட்டில் கிடந்தன. மின்வாரியத்தில் கேட்கப்போனால், “நாளைக்கு வந்துரும்” என்றார்கள். மறுநாளும் அதே பதில். அதற்கடுத்த வாரமும் அதேதான். “ஒரு மாசம் ஆகும்” என்று நேர்மையாகச் சொல்லியிருந்தால், வயதானவர்களையும் கைக்குழந்தைக்காரிகளையும் வெளியூர்ச் சொந்தக்காரர் வீட்டுக்காவது அனுப்பியிருப்போம். பொய்யான நாளையை நம்பித்தான் எங்கள் வீடுகளில் நோய் முற்றியது.

கரண்ட் இல்லையென்றால் ஃபேன் ஓடாது, அவ்வளவுதானே என்று நினைப்பவர்கள் எங்கள் தெருவுக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் தண்ணீர் ஏற்றவில்லை என்றால் குடிக்க ஒரு சொட்டு இல்லை. அடிபம்புகள் எப்போதோ துருப்பிடித்துப் போய்விட்டன. டிராக்டரில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு வீடு வீடாக வந்து தொட்டி நிரப்பக் காசு கேட்டார்கள்; இருந்தவர்கள் கொடுத்தார்கள், இல்லாதவர்கள் குட்டைக்குப் போனார்கள். மெழுகுவத்தி விலை ஏறியது. செல்போனுக்குச் சார்ஜ் ஏற்ற ஒரு விலை வந்தது. என் தாயாரின் இன்சுலினை ஈர மணலில் மண்பானையைப் புதைத்து உள்ளே வைத்தோம். அது கெடாமல் இருக்கிறதா என்று சொல்ல ஒருவரும் இல்லை. ஊசி போட்ட பிறகும் சர்க்கரை இறங்காத அந்த இரவுகளில் நான் யாரைக் கேட்பேன்? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வண்டியைக் கூப்பிடலாம் என்றால் கையிலிருந்த போன் செத்துக் கிடந்தது.

வாசலுக்கு வந்தால் விழுந்த மட்டைக்கும் கீற்றுக்கும் நடுவே பாம்பு. பொது வழியில் ஒரு விளக்கு இல்லாத ஊரில் பெண்கள் கொல்லைக்குப் போவதற்கே பயந்து பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை நிறுத்திக்கொண்டார்கள். இதை எந்த நிவாரணக் கணக்கில் எழுதினீர்கள்?

வயலுக்கும் தோப்புக்கும் போகும் லைன் எல்லாவற்றுக்கும் கடைசி. புயலில் தப்பி நின்ற தென்னைகளும் புதிதாக ஊன்றிய கன்றுகளும் மோட்டார் ஓடாமல் வாடின. ஒரு தென்னங்கன்று காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும். அதைக் கருகவிட்டவர்களுக்கு அந்த வருஷங்களின் கணக்கு புரியுமா? பொறுக்க முடியாமல் ரோட்டுக்கு வந்தோம். புதுக்கோட்டை மாவட்டம் கொத்தமங்கலத்தில் மறியல் கலவரமாகி, இளைஞர்கள் கைதானார்கள். வெளிச்சம் வருவதற்கு முன்பே வழக்கு வந்துவிட்டது.

வேலைக்கு வந்த லைன்மேன்களைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். வெளிமாவட்டங்களிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் ஈரக் கம்பத்தில் ஏறினார்கள், பள்ளிக்கூடத் தரையில் படுத்தார்கள். கையுறை இல்லாத ஒப்பந்தப் பையன்களை என் கண்ணால் பார்த்தேன். கிரேன் இறங்க முடியாத சேற்று வயலில் போஸ்ட்டைத் தோளில் சுமந்தது எங்கள் பிள்ளைகள். குழி வெட்டியதும் அவர்கள்தான். வேலைக்கு வந்தவர்களுக்குச் சோறு வடித்தது எங்கள் பெண்கள். ஆள் பற்றாக்குறை என்பது புயல் கொண்டுவந்ததல்ல. களத்தில் இறங்க வேண்டிய வேலையிடங்களை வருஷக்கணக்கில் காலியாகவே வைத்திருந்தது யார்?

இத்தனைக்குப் பிறகும் என்ன மாறியது? இப்போதும் நான்கு தூறல் விழுந்தால் கரண்ட் போகிறது. காற்றடிக்கும்போது உயிர்ப் பாதுகாப்புக்காக நிறுத்துவது சரிதான், அதைக் கேட்கவே மாட்டோம். காற்று நின்று வெயில் அடித்த பிறகும் ஏன் இருட்டு? தோப்புக்குள் போகும் வெற்றுக் கம்பியில் ஒரு மட்டை விழுகிறது. கம்பியைத் தாங்கும், கடல் உப்பு படிந்த பீங்கானில் ஈரம் பட்டதும் பொறி பறக்கிறது. உடனே பல ஊர்களுக்குப் போகும் பீடர் லைன் முழுவதும் நின்றுவிடுகிறது. நடுவில் பிரித்து நிறுத்தச் சுவிட்ச் போதுமானதாக இல்லை. அதனால் எங்கோ ஒரு தோப்பில் விழுந்த மட்டைக்கு எத்தனையோ ஊர்கள் இருட்டில் கிடக்கின்றன. ஒரே ஒரு ஆள் டார்ச் லைட்டோடு மைல் கணக்கில் லைனைப் பார்த்துக்கொண்டே போகிறார்.

வழி தெரியாமல் இல்லை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூரைச் சிதைத்த பிறகு, கடலூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி நகரங்களில் உலக வங்கி உதவியோடு கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோகத் திட்டம் போட்டார்கள். நல்லது, அந்த ஊர்க்காரர்களும் எங்கள் மக்கள்தான். எங்களுக்கு அவ்வளவுகூட வேண்டாம். தோப்புகளுக்குள் உறை போட்ட கம்பியை இழுங்கள். பீடரைப் பிரிக்கச் சுவிட்சுகள் வையுங்கள். குடிநீர்த் தொட்டிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஜெனரேட்டர் கொடுங்கள். காலி இடங்களை நிரப்புங்கள், அந்த ஒப்பந்தப் பையன்களுக்குக் கையுறையும் நிரந்தர வேலையும் கொடுங்கள். பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. கம்பியைத் தொடும் மட்டைகளைக் கழிக்க ஆகஸ்டிலேயே ஆள் அனுப்புங்கள். கரண்ட் எந்த நாளில் வரும் என்று கேட்டால் உண்மையான தேதியைச் சொல்லுங்கள். மற்றவர்களைப் போல இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நாங்களும் பில் கட்டுகிறோம்.