விருதுக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் யார்?

இளைஞர்தம் தொண்டினைப் பாராட்டி விருது வழங்குதல் நற்செயல் என்பதில் நமக்கு ஐயமில்லை. இதனைத் தொடக்கத்திலேயே கூறிவிடுதல் நலம். ஏனெனில், இக்கட்டுரையில் நாம் எழுப்ப விழையும் வினா விருதினைப் பற்றியதன்று. அவ்விருது வந்து சேரும் வழியைப் பற்றியது. தொண்டு செய்த இளைஞன் தானே படிவத்தை நிரப்பி, தான் செய்தவற்றுக்குத் தானே சான்று தேடித் தொகுத்து, 'எனக்கு விருது தருக' என்று விண்ணப்பிக்கும் முறை இன்று எங்கும் வேரூன்றிவிட்டது. இம்முறை தொண்டினை வளர்க்கின்றதா, தொண்டின் தோற்றத்தை வளர்க்கின்றதா என்பதே நம் வினா.

மாணவர் தொண்டு என்றவுடன் நம் கல்லூரிகளில் நினைவுக்கு வருவது நாட்டு நலப்பணித் திட்டம். காந்தியடிகள் நூற்றாண்டையொட்டி 1969ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 24ஆம் நாள், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களைக் கொண்டு அது தொடங்கப்பெற்றது. அதன் தொண்டர் தொகை பின்னர் ஏறத்தாழ 40 இலட்சமாகப் பெருகியது. ஆண்டுக்கு 120 மணி நேரம் என ஈராண்டில் 240 மணி நேரப் பணியும், ஏழு நாள் சிறப்பு முகாமும் அதன் நடைமுறை. தன்னை முன்னிறுத்தாது பிறரை முன்னிறுத்துவதே அதன் குறிக்கோள். திட்டத்தின் வெள்ளி விழாவையொட்டி 1993-94இல் அதற்கெனத் தேசிய விருதுகள் நிறுவப்பெற்றன. 2019-20ஆம் ஆண்டுக்கு வழங்கப்பெற்ற 42 விருதுகளுள் 30 விருதுகள் மாணவத் தொண்டர்களுக்கு உரியவை. இத்தனை இலட்சம் பேருள் 30 பேர்! எண்ணிக்கை சிறிது என்று நாம் குறைகூற வரவில்லை. சிறிதாயிருப்பதனாலேயே, அம்முப்பதின்மர் எவ்வாறு கண்டெடுக்கப்படுகின்றனர் என்பது பெரிய வினாவாகின்றது.

தமிழக அரசு 2015இல் தொடங்கிய முதலமைச்சர் மாநில இளைஞர் விருதும் குறிப்பிடத்தக்கது. 15 முதல் 35 வயது வரையிலான ஆடவர் மூவர்க்கும் பெண்டிர் மூவர்க்கும் விடுதலை நாளன்று வழங்கப்பெறுவது அது. முதலில் 50,000 ரூபாயாக இருந்த பரிசுத் தொகை பின்னர் 1,00,000 ரூபாயாக உயர்த்தப்பெற்றது. அதன் விதிகளுள் இரண்டு நம் கருத்தை ஈர்க்கின்றன. ஆற்றிய தொண்டு கண்டறியத்தக்கதாகவும் அளவிடத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும் என்பது ஒன்று. விண்ணப்பிப்பவர்க்கு உள்ளூர் மக்களிடையே உள்ள செல்வாக்கும் கருதப்படும் என்பது மற்றொன்று.

முதல் விதியை முதலில் நோக்குவோம். பொதுப்பணத்திலிருந்து பரிசு வழங்கும் அரசு அளவுகோல் ஒன்றைக் கேட்பதில் தவறில்லை. ஆனால் எத்தகைய தொண்டு எளிதில் அளவுக்குள் அடங்கும்? நட்ட மரக்கன்றுகளை எண்ணலாம். கொடுத்த குருதியை அலகிட்டுக் கூறலாம். நடத்திய முகாம்களையும் பங்கேற்றோரையும் பட்டியலிடலாம். நட்ட கன்றுக்குச் சித்திரை வெயிலில் குடம் சுமந்து நீர் வார்த்தவனை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? கன்று நடுகையில் படம் எடுக்க ஐவர் நிற்கின்றனர். நீர் வார்க்கையில் ஆடு மாடுகளே சாட்சி. ஒரே குழியில் ஆண்டுதோறும் புதுக் கன்று நடப்பெறுவதை நம் ஊர்களில் காணாதார் இலர். கணக்கில் அக்கன்றுகள் யாவும் உயிரோடு இருக்கின்றன.

இதன் விளைவாக, விருதை நாடும் மாணவன் முதலாண்டிலேயே கோப்பு ஒன்றைத் தொடங்கிவிடுகின்றான். நாளிதழ் நறுக்குகள், நிழற்படங்கள், சான்றிதழ்கள் அக்கோப்பில் அடுக்கப்பெறுகின்றன. கோப்புக்குள் அடங்காத பணி மெல்ல மெல்ல அவன் கையிலிருந்து நழுவுகின்றது. அவனைக் குற்றம் சாட்டுவதற்கில்லை. அவனுக்கு அவ்வாறு கற்பித்தவர்கள் நம் போன்ற ஆசிரியர்களும், அவனிடம் சான்று கேட்கும் குழுவினருமே ஆவர்.

கோப்பு வைத்துக்கொள்ள இயலாதவர் நிலை யாது? நாமறிந்த மாணவி ஒருத்தி, மூன்றாண்டுகளாகத் தன் தெருவில் பீடி சுற்றும் பெண்களுக்கு மாலைதோறும் உதவி வந்தாள். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்குரிய கல்வி உதவித்தொகைப் படிவங்களை நிரப்புவாள். வங்கிக் கணக்குப் புத்தகத்தைப் படித்துக் காட்டுவாள். கையெழுத்திடவும் சிலர்க்குக் கற்பித்தாள். இதற்கெனச் சங்கம் இல்லை, பதாகை இல்லை. படமும் இல்லை, பெண்மக்கள் படம் வெளியில் வருவதை அவ்வீட்டார் விரும்புவதில்லை. விருதுக்கு விண்ணப்பிக்குமாறு கூறப்பெற்றபோது, 'எதைக் காட்டுவது ஐயா?' என்றாள். அவ்வினாவுக்கு நம்மிடம் விடையில்லை. நம் சமுதாயப் பெண்கள் கல்லூரி வாயிலைத் தாண்டி உள்ளே வருவதற்கே பல்லாண்டுகள் ஆயின. வந்தவர்கள் செய்யும் நற்பணி, படம் இல்லை என்னும் காரணத்தால் கண்ணுக்குத் தெரியாமற் போகுமாயின் அது சிறிய இழப்பன்று.

படம் எடுக்கவே கூடாத பணிகளும் உள. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், பெருந்தொற்றுக்கு உயிரிழந்த மருத்துவர் ஒருவரின் நல்லடக்கத்தையே சென்னையில் சிலர் தடுத்து நின்ற கொடுமையை நாடறியும். உற்றாரும் தொட அஞ்சிய அந்நாள்களில், தமிழகத்து இசுலாமிய இளைஞர் பலர் பாதுகாப்பு உடையணிந்து, எச்சமயத்தார் உடலாயினும் அவரவர் முறைப்படி அடக்கம் செய்தும் எரியூட்டியும் உதவினர். அவ்விளைஞர்களுள் கல்லூரி மாணவர்களும் இருந்தனர். ஜனாஸாவைக் குளிப்பாட்டிக் கபனிடும் பணியை ஊரில் முன்னரே பழகியிருந்தமையால் அவர்களுக்குக் கை நடுங்கவில்லை. இறந்தாரின் மானம் காக்கும் பணிக்கு எவ்வாறு சான்று கேட்பது? அப்போதும் படம் எடுத்தோர் உண்டு. அப்படங்களால் நன்மையும் விளைந்தது என்பதை மறுத்தற்கில்லை. மக்களின் அச்சம் தணிந்தது. நம்மைப் பற்றிப் பரப்பப்பட்ட அவதூறு சிலவற்றுக்கு அவை விடையும் ஆயின. எனவே விளம்பரம் முழுதும் தீது என்று அடித்துக் கூற நாம் துணியவில்லை.

திருமறையும் அவ்வாறு கூறவில்லை. தருமத்தை வெளிப்படையாகச் செய்தலும் நன்றே, மறைத்து எளியோர்க்கு வழங்குதல் அதனினும் நன்று என்னும் கருத்தினை அல்பகரா அத்தியாயத்தின் 271ஆம் வசனத்திற் காணலாம். வலக்கை ஈவதை இடக்கை அறியாவண்ணம் ஈபவர்க்கு இறைவனின் நிழல் உண்டு என்னும் கருத்தமைந்த நபிமொழியை நம் பிள்ளைகள் மதரசாவிலேயே கேட்டிருப்பர். இவற்றை மட்டும் எடுத்துக்காட்டி, 'தொண்டு செய்தவனுக்கு விருது எதற்கு? கூலி அல்லாஹ்விடம் உண்டு' என்று சொல்லி நகர்ந்துவிடும் பெரியோர் சிலர் நம்மிடையே உளர். அவர்கள் பிறிதொரு நபிமொழியை மறந்துவிடுகின்றனர். மனிதர்க்கு நன்றி செலுத்தாதவன் இறைவனுக்கு நன்றி செலுத்தியவன் ஆகான் என்பது அதன் கருத்து. இவ்விரண்டனையும் சேர்த்து நோக்கினால் நெறி தெளிவாகின்றது. மறைத்தல் கொடுத்தவன் கடமை. வெளிப்படுத்தி நன்றி கூறுதல் பெற்றவன் கடமை. இன்றைய விண்ணப்பப் படிவம் இக்கடமைகளை இடம் மாற்றிவிட்டது. கொடுத்தவனே பேச வேண்டியிருக்கின்றது. பெற்றவன் வாய் திறக்க அங்கே இடமேயில்லை.

பழந்தமிழர் இந்நெறியை இலக்கிய வகையாகவே ஆக்கி வைத்தனர். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். திருமுருகாற்றுப்படையில் ஆற்றுப்படுத்தப்பெறுவது முருகனிடம். ஏனைய நான்கிலும் வள்ளலிடம். பரிசில் பெற்று வரும் கலைஞன், வறுமையோடு எதிர்வரும் கலைஞனுக்கு வழியும் வள்ளலின் இயல்பும் கூறி ஆற்றுப்படுத்துகின்றான். வள்ளல் தன்னைப் பற்றி யாண்டும் பேசுவதில்லை. மறுமைப் பயனைக் கணக்கிட்டு அறத்தை விலைபேசும் வணிகன் அல்லன் ஆய் அண்டிரன் என்று புறநானூற்றின் 134ஆம் பாட்டில் முடமோசியார் கூறுவதும், ஆய் விண்ணப்பித்துப் பெற்ற சான்றிதழ் அன்று. மறுமைக் கூலியை நாடுதல் நம் மார்க்கத்துக்கு உடன்பாடே. புலவர் பழிப்பது வணிக மனத்தை. நம் இலக்கியத்திலும் இம்மரபு உண்டு. தம்மைப் புரந்த அபுல்காசிமைச் சீறாப்புராணத்தில் உமறுப்புலவர் பலவிடத்தும் நினைவுகூர்கின்றார். நூலை வாழவைத்த வள்ளலின் பெயரை, அவர் உதவி பெற்ற புலவரின் நா வழியாகவே நாம் இன்றும் அறிகின்றோம்.

'இது பழங்கதை, இக்காலத்துக்குப் பொருந்தாது' என்பார்க்கு ஒன்று கூறுவோம். நோபல் பரிசுக்கு எவரும் தம்மைத் தாமே முன்மொழிந்துகொள்ள இயலாது. பெண் கல்விக்காகக் குரல் கொடுத்து, 2012இல் குண்டடி பட்டு உயிர் பிழைத்த மலாலா, 2014இல் தம் 17ஆம் வயதில் அமைதிப் பரிசைக் கைலாஷ் சத்யார்த்தியோடு பகிர்ந்து பெற்றது பிறர் முன்மொழிவால்தான். 2006இல் சிறுவர்க்கான பன்னாட்டு அமைதிப் பரிசினைப் பெற்ற இராசத்தான் சிறுவன் ஓம் பிரகாஷ் குர்ஜர், குழந்தைத் தொழிலாளியாக இருந்து மீட்கப்பட்டவன். பிற சிறுவர்க்காகப் பாடுபட்டவன். நம் நாட்டிலோ, பத்ம விருதுகளுக்குக்கூடத் தம்மைத் தாமே முன்மொழியும் வழி திறக்கப்பட்டிருக்கின்றது. பரிந்துரை செய்ய ஆளில்லாத எளியவரும் விண்ணப்பிக்கட்டும் என்னும் நல்லெண்ணம் அதில் உண்டு, அதனை மதிக்கின்றோம். ஆயினும் எளியவர்க்குப் பரிந்துரை செய்ய ஆளில்லாமை அவர் குற்றமா, சுற்றியிருப்போர் குற்றமா?

இங்கேதான் மாநில விருதின் இரண்டாம் விதி, அதாவது உள்ளூர் மக்களிடையே உள்ள செல்வாக்கு, பொருள் பெறுகின்றது. கருத்து நல்ல கருத்தே, சொல்தான் நெருடுகின்றது. செல்வாக்கு உடையவன் வேறு, உதவியவன் வேறு. தெருமுனையில் நால்வர் வணக்கம் சொன்னால் அது செல்வாக்கு. முதியோர் உதவித்தொகைக்கு அலைந்த பாட்டி தொழுகைக்குப் பின் கையேந்துகையில் நினைக்கும் பெயர் வேறொன்றாக இருக்கக்கூடும். விசாரிக்க வருவோர் அப்பாட்டியிடம் கேட்பரேல் இவ்விதியைப் போலச் சிறந்தது பிறிதில்லை.

நம் ஜமாஅத்துப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஆண்டுதோறும் பள்ளிவாசல்கள் பலவற்றில் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் மிகுந்த மதிப்பெண் பெற்றோர்க்குப் பரிசு வழங்கப்பெறுகின்றது. கல்வியிற் பின்தங்கிய சமுதாயத்துக்கு அது தேவையே. ஆனால் 480 வாங்கிய பிள்ளையை மேடையேற்றும் நாம், 300 வாங்கிக்கொண்டு மய்யித் வீடுகளில் இரவெல்லாம் ஓடியாடும் பிள்ளையின் பெயரை ஒருமுறையேனும் அம்மேடையில் சொன்னதுண்டா? அப்பிள்ளை அதனை எதிர்பார்ப்பதில்லை என்பது உண்மை. அவனைப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிமார் பத்துப் பேர்க்கு அம்மேடை எதைக் கற்பிக்கின்றது என்பதே நம் கவலை.

கல்லூரியும் ஜமாஅத்தும் இணைந்து சிறிய அளவில் ஒரு முறையைத் தொடங்கிப் பார்க்கலாம். விண்ணப்பம் மாணவனிடமிருந்து பெறப்படலாகாது. உதவி பெற்றவரிடமிருந்தே பெறப்பட வேண்டும். பணி பலர் கூடிச் செய்ததாயின் விருதும் அக்குழுவுக்கே உரியதாகட்டும். தலைவன் ஒருவனைத் தேடி முடிசூட்ட வேண்டா. பரிசுத் தொகை பணிக்கே திரும்பச் செல்லட்டும். இதிலும் சிக்கல் உண்டு என்பதை அறிவோம். பரிந்துரையில் உறவு புகும். ஊர்ப் பெரியவரின் பேரன் பெயரையே பத்துப் பேர் ஒரே குரலில் ஒப்பிக்கவும் கூடும். அதற்காகவே, கேட்கச் செல்வோர் வெளித்தெருவினராகவும் பெண்களைப் பெண்களே சென்று கேட்பதாகவும் இருத்தல் நன்று. உதவி பெற்றவரின் வறுமையும் ஊரறிய ஆக்கப்படலாகாது. அவர் பெயர் குழுவினரோடு நின்றுவிட வேண்டும். இதில் தளர்ந்தோமானால், தொண்டனின் மானத்தைக் காக்கப் போய் ஏழையின் மானத்தைப் போக்கியவர் ஆவோம்.

செப்டம்பர் 24 நாட்டு நலப்பணித் திட்ட நாள். அந்நாளுக்கு முன்னர் ஒரு திங்கள் இப்பணிக்குப் போதும். படிவம் ஒரு பக்கத்துக்கு மிகாதிருக்கட்டும். 'உமக்கு யார் உதவினார்? என்ன செய்தார்? இன்னும் செய்கின்றாரா?' என மூன்று வினாக்கள் அமைந்தால் போதுமானது. எழுத அறியாதார் வாயால் சொல்லலாம். அதனைச் சொன்னபடியே எழுதி, திரும்பப் படித்துக் காட்டிப் பெருவிரல் ஒப்பம் பெற்று வரும் பொறுப்பினைத் தமிழ்த்துறை மாணவ மாணவியர் ஏற்பர்.