'எண்ணெய் இருக்கா?' எண்ட கேள்வி போதாது

சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த கதை பெரிதாகக் கிளம்பினபோது நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். பவுசர் தண்ணிக்கு வாளியோடு வரிசையில் நிண்டது எங்களில் சிலருக்கு இன்னும் ஞாபகம். ஒரு பக்கம் 'எண்ணெய் இருக்கு' எண்டார்கள். மற்றப் பக்கம் 'பயப்பட ஒண்டுமில்லை' எண்டார்கள். 2019இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்தது.

இப்ப கலைப்பீடத்தில் இருந்துகொண்டு யோசித்தால், கேள்வியே அரைகுறை எண்டு படுகிறது. 'எண்ணெயும் கிறீசும்' எண்டு வரும் அளவு வெறும் மொத்தக் கணக்கு. அதற்குள் என்னென்ன இருக்கு எண்டதை அது சொல்லாது.

ஏன் அது முக்கியம்? பென்சோ-ஏ-பைரீன், பென்சோ-ஈ-பைரீன் இரண்டும் அரோமற்றிக் சேர்வைகள். இரண்டிலும் 20 காபன், 12 ஐதரசன். வளையங்கள் பொருந்தும் இடம் மட்டும்தான் வேறு. ஆனால் முதலாவது மனிதருக்குப் புற்றுநோய் தருவது எண்டு வகைப்படுத்தப்பட்டது, இரண்டாவது அப்படியில்லை. குடிதண்ணியில் முதலாவதுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 0.7 மைக்கிரோகிராம்.

இவ்வளவு சின்ன அளவில் இரட்டைப் பிள்ளைகளைப் பிரித்து அறியலாமா? அறியலாம். 1952இல் மொஸ்கோவில் எதுவார்ட் ஷ்போல்ஸ்கியும் கூட இருந்தவர்களும் ஒரு வழி கண்டார்கள். சாதாரண வெப்பத்தில் இந்தச் சேர்வைகளில் கழியூதா ஒளி பட்டால் வருகிற ஒளிர்வு, அகலமான, ஒன்றோடொன்று கலந்த பட்டைகளாகத்தான் தெரியும். அதையே ஒக்டேன் போன்ற பொருத்தமான கரைப்பானில் கரைத்து, திரவ நைதரசனில் -196 பாகைக்கு உறைய வைத்தால், மூலக்கூறுகள் பளிங்குக்குள் அசையாமல் ஒரே மாதிரி உட்கார்ந்துவிடும். பட்டை மெல்லிய கோடுகளாகப் பிரியும். ஒவ்வொரு சேர்வைக்கும் தன் கோடுகள், கைரேகை மாதிரி.

இந்த முறைதான் வேணும் எண்டு நாங்கள் அடம்பிடிக்கேல்லை. சேர்வைக்கேற்ற கரைப்பான் தேட வேணும், திரவ நைதரசன் வேணும்; இண்டைக்கு வேறு கருவிகளும் இருக்கு. நாங்கள் சொல்லுறது இதுதான்: பிரித்துப் பார்க்க வழி இருந்தும் மொத்தக் கணக்கோடு நிண்டால், 'இருக்கு', 'இல்லை' எண்ட சண்டை முடியாது.

'அது விஞ்ஞானபீடத்து வேலை' எண்டு நாங்கள் ஒதுங்கவும் ஏலாது. அறிக்கையை வாசிக்கிறதும் கேள்வி கேட்கிறதும் எங்கட வேலைதானே? எந்தச் சேர்வை, எவ்வளவு, எந்த முறையில் அளந்தது? இந்த மூண்டும் தமிழில், கிணற்றுச் சொந்தக்காரருக்கு விளங்குற மாதிரி எழுதின அறிக்கையை இனியாவது கேட்போம்.