முதியோரும் கால் நிலையும்

வீட்டிலுள்ள பெரியவருக்கு அறுபத்தைந்து வயது கடந்துவிட்டால், "அப்பா, நீங்கள் எழுந்து நடமாட வேண்டா, இருந்த இடத்திலேயே இருங்கள்" என்று பிள்ளைகள் கூறுவது வழக்கம். அன்பினால் எழும் சொல்லே. எனினும் தீங்கு பயப்பது. நடவாத கால், நிற்கும் ஆற்றலையும் விரைவில் இழக்கும்.

கள்ளிக்காட்டுப் பக்கத்து மேடு பள்ளங்களிலும், மழைக்காலத்தில் பாசி படியும் வாயிற்படிகளிலும் வாழும் நம்மவர்க்கு இது சிறு செய்தியன்று. மகனும் மருமகளும் வேலைக்குச் சென்றபின் முதியவர் தனித்திருக்கிறார். அவர் விழுந்து இடுப்பெலும்பு முறியுமாயின், சொந்த ஊரிலிருந்து உற்றார் வந்து சேரும்வரை அருகிருந்து தாங்குவார் யார்? ஒருவருடைய கூலி நின்றுவிடும். உலகெங்கும் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

நாம் நிமிர்ந்து நிற்பதற்குக் கண், உட்செவியிலுள்ள நீர் நிறைந்த அரைவட்டக் குழல்கள், பாதமும் மூட்டுகளும் தரும் உணர்ச்சி ஆகிய மூன்றும் துணை செய்கின்றன. முதுமையில் இவை தளர்வதோடு, தடுமாறிய உடலை மீட்கும் தசையின் வேகமும் குறைகிறது. இருளிலோ கண்ணின் துணை அறவே இல்லை. இரவில் கழிப்பிடம் செல்கையில் பலர் விழுவதற்கு இது பெருங்காரணம்.

மேல்நாடுகளில் இதற்கென 'ஸ்லாக்லைன்' பயிற்சியும் செய்து பார்க்கின்றனர். இரு மரங்களுக்கிடையே தட்டையான நைலான் பட்டையைத் தாழ்வாகக் கட்டி அதன்மேல் நடப்பது அது. கழைக்கூத்தாடியின் கயிறு விறைத்து நிற்கும். இதுவோ மிதிக்குந்தோறும் தொய்ந்து ஆடும். அமெரிக்காவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் பாறை ஏறுவோரிடையே 1980-ஐ ஒட்டிப் பரவியது. ஆயினும் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், பட்டைமேல் நிற்கும் திறன் நன்கு வளர்கிறது, பிறவகை நிலைகளில் பயன் சிறிதே என்றனர். ஆகவே பட்டை வாங்கும் செலவு நமக்கு வேண்டா. தண்டவாளத்தின்மேல் நடந்து பழகலாமே என்பாரும் உளர். ரயில்வே ஊழியன் என்ற முறையில் சொல்கிறேன், அது உயிருக்கு ஆபத்து, சட்டப்படி குற்றமும் ஆகும்.

சன்னல் கம்பியே போதும். அதனைப் பற்றி நின்று ஒரு காலை உயர்த்திப் பத்து எண்ணுக; பிறகு மறு காலை. சில வாரங்களில் ஒரு விரல் மட்டும் கம்பியைத் தொட்டிருக்கட்டும். அடுத்து, சுவரோரமாக ஒரு பாதத்தின் குதிகால் மறு பாதத்தின் விரல்நுனியைத் தொடுமாறு அடிவைத்து நடத்தல். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல். நாற்காலி சுவரை ஒட்டியிருக்க வேண்டும். வாரம் மூன்று நாளேனும் இத்தகைய பயிற்சி வேண்டும் என்பது 2020-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிவுரை.

பிரேசில் நாட்டில் 51 முதல் 75 வயதுவரை உள்ள 1,702 பேரைப் பத்து நொடி ஒற்றைக் காலில் நிற்கச் செய்தனர். ஐவரில் ஒருவரால் இயலவில்லை. பின்வந்த ஆண்டுகளில் அவர்களிடையே மரணம் மிகுந்திருந்ததாக 2022-இல் வெளியிட்டனர். ஒற்றைக் காலில் நின்றால் ஆயுள் நீளும் என்று இதற்குப் பொருளன்று. உடலின் தளர்ச்சியை அது முன்னரே காட்டிவிடுகிறது.

தொடக்கத்தில் வீட்டார் ஒருவர் அருகில் நிற்றல் வேண்டும். தலைசுற்றல் உடையோரும், இரத்த அழுத்தத்திற்கு மருந்து உண்போரும் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குக. தேய்ந்த ரப்பர்ச் செருப்பை எறிந்துவிட்டு, கட்டிலிலிருந்து கை எட்டும் இடத்தில் விளக்கின் விசையை இன்றே அமைத்துக் கொடுங்கள்.