போலி என்பது வசைச்சொல் அல்ல

சென்ற மாதம் பாளையங்கோட்டையில் நண்பர்கள் கூடிய ஒரு வாசிப்புக் கூட்டம் முடிந்தபின், என் மடிக்கணினியைத் திறந்து ஒரு பழைய நிரலை ஓடவிட்டேன். கறுப்புத் திரையில் வெள்ளைப் புள்ளிகளாலான தமிழெழுத்துகளில் ஒரு விடுகதை வந்து நின்றது. அதன் கீழே விடை எழுதுவதற்கான கோடு. 1980களில் ஒரு பள்ளிக்கூடக் கணினிக்காக எழுதப்பட்ட நிரல் அது. அந்தக் கணினி இன்று இல்லை. அதைப் போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் என்னும் மென்பொருளுக்குள்தான் நிரல் ஓடியது.

பார்த்தவர்களில் இருவர் ரசித்தார்கள். மூன்றாமவர், நான் மதிக்கும் கவிஞர், சிரித்தபடி சொன்னார்: "இதெல்லாம் போலி அண்ணாச்சி. அசல் பெட்டி இருந்தா அருங்காட்சியகத்துல வச்சுக் கும்பிடலாம். விடுகதைதான் வேணும்னா தட்டச்சு செஞ்சு அச்சடிச்சிரலாம். ரெண்டும் இல்லாம இது எதுக்கு?"

அன்று பதில் சொல்லவில்லை. இலக்கிய வாசகர்கள் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன். நம் முன்னோர் ஏட்டுச் சுவடிகளுக்கு இழைத்த பிழையை நாமும் இழைப்பதற்கு வழிவகுக்கும் எண்ணம் இது.

முதலில் அந்தக் கணினியைப் பற்றி. 1984-85 கல்வியாண்டில் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற பெயரில் பள்ளிகளுக்கான கணினிக் கல்வித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. முதல் கட்டத்தில் 250 பள்ளிகள். அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது இங்கிலாந்தின் ஏக்கார்ன் நிறுவனம் 1981இல் வெளியிட்ட பிபிசி மைக்ரோ. அங்கே அது பள்ளிகளில் பரவலாகப் புழங்கிய கணினி. இங்கேயும் பள்ளிக் கணினி ஆயிற்று. பின்னர் மொகாலியில் 'எஸ்.சி.எல். யூனிகார்ன்' என்ற பெயரில் இங்கேயே தயாரிக்கவும் பட்டது. நிரலுக்கும் திரைக்கும் சேர்த்து அதன் நினைவகம் 32 கிலோபைட். இன்று நாம் கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதற்குள் அடங்காது.

பாளையங்கோட்டைப் பள்ளி ஒன்றில் கணித ஆசிரியராக இருந்தவர் அந்தக் கணினியில் தமிழ் எழுத முயன்றார். அதில் தமிழெழுத்து கிடையாது. ஆனால் பயனர் தானே எழுத்துரு அமைத்துக்கொள்ள ஒரு கட்டளை உண்டு. எட்டுக்கு எட்டுச் சதுரம் வரைந்து, வேண்டிய கட்டங்களை நிரப்பி, ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் எண் என எட்டு எண்களைத் தந்தால் ஓர் எழுத்து பிறக்கும். சாதாரணமாக 32 எழுத்துகளுக்கு இடம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என்று எண்ணினால் 31 ஆகிவிடும். பிறகு காலுக்கும் கொம்புக்கும் எங்கே போவது? கூடுதல் இடம் பெறலாம். அந்த அளவுக்கு நிரலுக்கான நினைவகம் குறையும். ஆசிரியர் நினைவகத்தைக் கொடுத்து எழுத்தை வாங்கினார். 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் அவருக்குக் கைகொடுத்தது. ணை, லை, னை போன்றவற்றுக்குத் தனி வடிவம் தேவைப்படாமல் ஒரே ஐகாரக் குறி எல்லாவற்றுக்கும் போதுமாயிற்று. ஞகரம் மட்டும் எட்டுப் புள்ளிக்குள் அடங்க மறுத்திருக்கிறது. அதற்கு இரண்டு கட்டங்களை ஒதுக்கியிருக்கிறார்.

அந்த எழுத்துகளில் அவர் ஏற்றியவை, ஆற்றங்கரை ஊர்களிலிருந்து வந்து படித்த பிள்ளைகள் தங்கள் ஆச்சிகளிடம் கேட்டு வந்து சொன்ன விடுகதைகள். நாற்பதுக்கும் மேல்.

பள்ளி பின்னாளில் கணினியை எடைக்குப் போட்டுவிட்டது. ஆசிரியர் ஓய்வுபெற்றுத் தாமிரபரணிக் கரையில் தம் ஊரில் இருந்து மறைந்தார். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தவர் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஆறு ஊர்களுக்குள் புகுந்தது. அவருடைய ஒலிநாடாக்கள் இருந்த அலமாரியின் கீழ்த்தட்டு இரண்டு நாள் சேற்றுத் தண்ணீரில் கிடந்தது. தப்பியது ஒரே ஒரு நாடா, மேல்தட்டில் ஒரு பக்திப் பாடல் உறைக்குள் இருந்ததால். அவருடைய மகள் அதை என்னிடம் தந்தபோது, "அப்பா இதுல என்னமோ கொய்ங்ங்னு சத்தம் பிடிச்சு வச்சிருக்காங்க, பாட்டு இல்ல" என்றார்.

அந்தச் சத்தம்தான் நிரல். அந்தக் கணினி பூஜ்யத்தை ஒரு சுருதியிலும் ஒன்றை அதன் இரு மடங்கு சுருதியிலும் நாடாவில் பதியும். அதை டேப் ரிக்கார்டரில் ஓடவிட்டு, மடிக்கணினியில் ஒலிக்கோப்பாக்கி, எமுலேட்டர் படிக்கும் வடிவத்துக்கு மாற்ற எனக்கும் பொறியாளர் நண்பர் ஒருவருக்கும் மூன்று நாள் ஆயிற்று. 256 பைட்டுகள் கொண்ட ஒரு பகுதி மட்டும் கடைசிவரை வாசிக்கக் கிடைக்கவில்லை. அந்த இடத்தை வெற்றாக விட்டு முன்பின் வரிகளை இணைத்தோம்.

இப்போது கவிஞரின் கேள்விக்கு வருகிறேன். தட்டச்சு செய்து அச்சிட்டால் போதாதா?

எதைத் தட்டச்சு செய்வது? நாடாவில் இருந்து நாங்கள் பெற்ற கோப்பைச் சாதாரணமாகத் திறந்தால் தமிழில் ஒரு சொல் கிடையாது. ஆங்கில எழுத்துகளும் எண்களும் பொருளில்லாமல் வரிசையாக நிற்கும். எந்த ஆங்கில எழுத்து எந்தத் தமிழெழுத்துக்கு ஈடு என்பது அவர் தாமே வகுத்துக்கொண்ட முறை. டிஸ்கியும் யூனிகோடும் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பு, ஒரு தனிமனிதர் தமக்காகச் செய்துகொண்ட குறியேற்றம் அது. அதன் திறவுகோல் நிரலுக்குள் இருக்கிறது. நிரல் ஓடினால்தான் தமிழ் தெரியும். ஓடாத நிரல் வாசிக்கப்படாத பிரதி மட்டுமல்ல, வாசிக்க இயலாத பிரதி. இனி அதை அச்சிடலாம், அச்சிடவும் போகிறேன். ஆனால் எமுலேட்டர் இல்லாமல் அந்த அச்சுக்கு மூலமே கிடையாது. எட்டுப் புள்ளிக்குள் ஒரு மனிதர் தமிழை எப்படி மடக்கி வைத்தார் என்ற செய்தியும் எந்த அச்சுக்குள்ளும் வராது.

சரி, அசல் பெட்டி? கிடைத்தால் நல்லது. ஆனால் கண்ணாடிப் பேழைக்குள் மின்சாரமின்றி இருக்கும் கணினி எதைச் சொல்லும்? ஆதிச்சநல்லூர்த் தாழியைக் கண்ணாடிக்குள் வைக்கலாம், ஏனென்றால் பார்ப்பதே அதை அறிவதில் பெரும்பகுதி. கணினியைப் பார்ப்பது அதை அறிவதாகாது. அது செய்வதில்தான் இருக்கிறது. அதன் மின்தேக்கிகள் வறண்டுபோகும், சில்லுகள் செத்துப்போகும். பழுதுபார்த்துக் காப்பவர்களை வணங்குகிறேன். அவர்களாலும் காலத்தைத் தள்ளிப்போட மட்டுமே முடியும்.

'போலி' என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். தமிழிலக்கணம் படித்தவர்கள் இதை ஏளனமாகச் சொல்லக்கூடாது. ஓர் எழுத்து நிற்கவேண்டிய இடத்தில் வேறோர் எழுத்து வந்து, பொருள் மாறாமல் நின்றால் இலக்கணம் அதைப் போலி என்கிறது. பந்தல் பந்தர் ஆகிறது, நிலம் நிலன் ஆகிறது. பந்தரின் கீழ் நிற்பவருக்கு நிழல் குறைவதில்லை. எமுலேட்டர் செய்வது இதுதான். 6502 என்ற சில்லு இருந்த இடத்தில் ஒரு மென்பொருள் வந்து நிற்கிறது. ஒவ்வொரு கட்டளைக்கும் அந்தச் சில்லு என்ன செய்யுமோ அதைச் செய்கிறது. நிரலுக்கு வேறுபாடு தெரியாது. பொருள் மாறவில்லை. இலக்கணம் அனுமதித்த போலி இது.

நாம் இன்று படிக்கும் சங்கப் பாடல் எதுவும் புலவர் கையால் எழுதிய ஏட்டில் இருந்து வந்ததல்ல. ஓலை சில நூற்றாண்டுகளில் இற்றுப்போகும். பெயர் தெரியாத யாரோ மறு ஏட்டில் பெயர்த்தெழுதினார்கள், அதை இன்னொருவர் பெயர்த்தெழுதினார். உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டுக்காகத் திருநெல்வேலிக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் வந்து தேடியது அப்படிப்பட்ட பிரதிகளைத்தான். 1889இல் அவர் பதிப்பித்தது பெயர்ப்பின் பெயர்ப்பை. யாரும் அதைப் போலி என்று தள்ளவில்லை. அதே மண்ணில், கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலின் பழஞ்சுவடிகள் பெயர்த்தெழுதப்படாமல் ஓமத்தீயில் இடப்பட்டதையும் அவரே 'என் சரித்திர'த்தில் வருந்தி எழுதியிருக்கிறார். அசல் மீதிருந்த பக்தியால்தான் அவை தீயில் போயின. பக்தி பாதுகாப்பு அல்ல.

எமுலேட்டரில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. பழைய தொலைக்காட்சித் திரையின் மினுக்கம் இல்லை. நாடா ஓடிமுடியும்வரை பிள்ளைகள் காத்திருந்த பொறுமை இல்லை. ஒரு சில்லின் நேரக்கணக்கைத் துல்லியமாகப் பின்பற்றாத எமுலேட்டரில் சில நிரல்கள் தடுமாறும். ஆனால் இது நமக்குப் பழகிய சிக்கல். ஏடு எழுதுவோரும் பிழை செய்தார்கள். பதிப்பாசிரியர்கள் பல பிரதிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்தார்கள். ஒரே நிரலைப் பீப்எம்மிலும் ஜேஎஸ்பீப்பிலும் ஓட்டி ஒப்பிடுவது அதே வேலைதான்.

உரிமை பற்றிய ஆட்சேபம் இதைவிடக் கனமானது. எமுலேட்டருக்கு அந்தக் கணினியின் நிலைநினைவகத்தில் இருந்த மென்பொருளின் நகல் வேண்டும். அது யாரோ ஒருவருடைய உடைமை. நம் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை 'இலக்கியப் படைப்பு' என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. 1984 திருத்தத்தில் வந்த சேர்க்கை இது. இலக்கிய வாசகர்கள் இதை ஒருமுறை நிதானமாக யோசிக்க வேண்டும்: சட்டம் ஏற்ற இலக்கியத்தை நாம் இன்னும் ஏற்கவில்லை. ஆனால் அதே சட்டம் ஆசிரியர் மறைந்தபின் 60 ஆண்டுகள் உரிமையை நீட்டிக்கிறது. 1990இல் மறைந்த ஒருவரின் நிரல் 2050 முடியும்வரை காத்திருக்க வேண்டும். காந்தநாடாவுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. உரிமையாளர்கள் மனம் வைத்தால் வழியுண்டு. சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் கணினியின் உரிமையை வைத்திருந்த ஆம்ஸ்ட்ராட் நிறுவனம், எமுலேட்டர்களோடு அதன் நிலைநினைவக நகலைப் பகிர 1999இல் அனுமதித்தது. மற்றவர்களும் செய்யட்டும். நூலகங்களுக்குச் சட்டம் தெளிவான அனுமதி தரட்டும்.

சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல்லின் வயது ஏறத்தாழ 3200 ஆண்டுகள் என்று 2021இல் அறிவிக்கப்பட்டபோது நாமெல்லாம் பெருமிதம் கொண்டோம். அந்தப் பெருமிதத்தில் எனக்கும் பங்குண்டு. ஆனால் அதே ஆற்றங்கரையில் நாற்பதாண்டுக்கு முன் ஒருவர் எழுதிய தமிழைப் படிக்க, வெள்ளத்தில் தப்பிய ஒரே நாடாவும் மூன்று நாள் தற்செயலும் வேண்டியிருந்தது. நாடாக்களையும் குறுவட்டுகளையும் வாங்கி, படியெடுத்து, உரிய எமுலேட்டரோடு சேர்த்து வைக்கும் ஓர் அறை நம் மாவட்ட நூலகங்களில் ஒன்றிலாவது வேண்டும். பெரிய செலவில்லை. ஒரு டேப் ரிக்கார்டர், ஒரு பழைய வட்டு இயக்கி, ஒரு கணினி, பொறுமையுள்ள ஓர் ஆள்.

அதுவரை, இதை வாசிப்பவர்கள் தங்கள் வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டை ஒருமுறை பார்க்கட்டும். பாட்டில்லாத நாடா ஏதேனும் இருந்தால் எறிய வேண்டாம்.

இழந்த 256 பைட்டுகளுக்குள் என்ன இருந்தது என்று கேட்கலாம். முழுதாக இரண்டு விடுகதைகள் போயிருக்க வேண்டும். மூன்றாவதற்குக் கேள்வி மட்டும் மிஞ்சியிருக்கிறது. என்ன தட்டினாலும் நிரல் 'தவறு' என்றே சொல்கிறது, ஏனென்றால் அதனிடம் விடை இல்லை. கேள்வியை ஏரல் பக்கத்தில் சில ஆச்சிகளிடம் கேட்டுவிட்டேன். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.