ரதங்களுக்கு 20 நிமிடம், கடைக்கு ஒன்றரை மணி நேரம்



சென்னைத் துறைமுகத்துக்கு வரும் சொகுசுக் கப்பல் பயணிகளுக்கு ஒரே நாளில் மாமல்லபுரத்தைக் காட்டும் சுற்றுலா எந்த லட்சணத்தில் நடக்கிறது என்பதைச் சென்ற வாரம் கண்ணெதிரே பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஐந்து ரதங்களைப் பேரனுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். சட்டையில் எண் ஒட்டிய 40 பேர் பேருந்திலிருந்து வந்தார்கள். வழிகாட்டி மர நிழலை விட்டு நகரவில்லை. "பாண்டவர்கள் வனவாசத்தில் தங்கிய இடம் இது. படம் எடுத்துக்கொள்ளுங்கள், 20 நிமிடம்" என்றார். அவ்வளவுதான் விளக்கம். பாண்டவர்களுக்கும் இந்த ரதங்களுக்கும் பெயரைத் தவிர ஒரு சம்பந்தமும் கிடையாது. 7ஆம் நூற்றாண்டில் பல்லவச் சிற்பிகள் பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்து, முடிக்காமல் விட்ட ஒற்றைக்கல் தளிகள் இவை. ஊர்ப்பெயரிலேயே இருக்கும் பல்லவ மன்னன் மாமல்லனைக்கூட அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கைத்தடி ஊன்றி வந்த வயதான அம்மையார் ஒருவர், "இந்தக் கோயிலுக்குப் பக்கத்தில் யானை எதற்கு?" என்று கேட்டார். வழிகாட்டி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை. அம்மையாரைக் கல் யானையின் பின்பக்கமாக அழைத்துப்போய், யானையின் முதுகையும் சகாதேவ ரதத்தின் பின்புறத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னேன். அதே வளைவு, அதே திரட்சி. "தூங்கானை மாடம் என்று எங்கள் மொழியில் பெயர்" என்றேன். அந்தச் சொல்லை மெல்ல இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். முகமே மலர்ந்துவிட்டது. அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

"அடுத்து அர்ஜுனன் தபசா?" என்று ஓட்டுநரிடம் கேட்டேன். "இல்லீங்க சார், எம்போரியம். அங்க ஒன்றரை மணி நேரம். தபசு போற வழியில ஜன்னல்லயே பாத்துக்குவாங்க" என்றார். அந்தப் பாறைச் சிற்பத்தில் யானைக் கூட்டத்தின் காலடியில் தவம் செய்யும் பூனையையும் அதை வணங்கும் எலிகளையும் ஓடும் பேருந்தின் ஜன்னல் வழியே எப்படி ஐயா பார்ப்பது?

மாலையில் கப்பல் கிளம்பிவிடும், நேரமில்லை என்பார்கள். கடைக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் எங்கிருந்து வந்தது? கமிஷன் தவிர வேறு காரணம் கிடையாது. பயணிகளே பொருள் வாங்க ஆசைப்படுகிறார்கள் என்பது இன்னொரு சமாதானம். ஆசைப்பட்டால் உள்ளூர்ச் சிற்பிகளின் பட்டறையில் நிறுத்துங்கள். மாமல்லபுரத்துக் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. உளிச்சத்தம் கேட்கும் அந்தத் தெருவைத் தாண்டிப்போய் எம்போரியத்தில் காஷ்மீர் கம்பளம் விற்பது இந்த ஊருக்குச் செய்யும் துரோகம்.

மாமல்லபுரம் 1984 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம். வெளிநாட்டவரிடம் 600 ரூபாய் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். அவர்களுக்குப் பொய் சொல்லும் வழிகாட்டிக்கு உரிமம் இருக்கிறதா என்று வாசலில் கேட்க ஓர் அதிகாரியைக் காணோம்.

எந்தக் கப்பல் எந்தத் தேதியில் வரும் என்பது துறைமுகத்துக்கு முன்கூட்டியே தெரியும். அன்றைக்காவது உரிமம் உள்ள வழிகாட்டிகளை மட்டும் உள்ளே விடுங்கள். ரதங்கள், தபசு, கடற்கரைக் கோயில் மூன்றுக்கும் சேர்த்துக் குறைந்தது 3 மணி நேரம் என்று விதி செய்யுங்கள். அடுத்த கப்பல் வருவதற்குள் சுற்றுலாத் துறை இதைச் செய்தாக வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
திருக்கழுக்குன்றம்