தழும்பைவிட நேரம் பெரிசு!

'பிள்ளைக்குக் குடல்வால் ஆபரேஷன். துளை போட்டுச் செய்வதா, வயிற்றைத் திறந்து செய்வதா?' ஒரகடத்தில் ஷிப்டு வேலை பார்க்கும் பெற்றோர் சித்த மருத்துவனான என்னிடமும் கேட்கிறார்கள்.

1980-ல் ஜெர்மன் டாக்டர் கூர்ட் செம் துளை வழியே குடல்வாலை அகற்றினார். வெட்டு சிறிதானால் தசைச் சிதைவும் வலியும் குறையும். பிள்ளை சீக்கிரம் எழுந்து நடக்கும். உண்மைதான். ஆனால் காய்ச்சலும், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவும் வெட்டை மட்டும் பொறுத்தவை அல்ல. குடல்வால் வெடித்துச் சீழ் பரவிவிட்டால், எந்த முறையானாலும் உடம்பு கொதிக்கத்தான் செய்யும்.

எனவே தொப்புளில் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு இறங்கும் வலியோடு வாந்தி, காய்ச்சல் என்றால், விளக்கெண்ணெய் கொடுத்துக் காத்திருக்காதீங்க, குடல்வால் வெடித்துவிடலாம். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன், உடனே சர்ஜனிடம் ஓடுங்கள். செலவுக்குப் பயமா? எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறதே!