பாப்பம்மாள் பாட்டி விட்டுச் சென்ற பாடம்

மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியில் நூறு வயதைத் தாண்டிய பிறகும் ஒரு பாட்டி தினமும் தோட்டத்துக்குப் போய் வந்தார். ரங்கம்மாள் என்பது அவர் பெயர். ஊருக்கும் நாட்டுக்கும் அவர் பாப்பம்மாள் பாட்டி. 2021-ல் பத்மஸ்ரீ விருது பெற்ற அந்த இயற்கை விவசாயி, 2024 செப்டம்பர் 27 அன்று கண் மூடினார்.

சின்ன வயதிலேயே தாய், தந்தையை இழந்தவர். சகோதரிகளோடு அவரையும் வளர்த்து ஆளாக்கியது பாட்டிதான். அந்தப் பாட்டி விட்டுப்போன மளிகைக் கடையை நடத்தினார். சாப்பாட்டுக் கடையும் வைத்தார். அதில் மிச்சம் பிடித்த காசைச் சேர்த்து வாங்கியதுதான் சுமார் 10 ஏக்கர் நிலம். பிற்காலத்தில் அதில் ஒரு பகுதி கைமாறியது. ஆனாலும் இரண்டரை ஏக்கரைக் கடைசிவரை விடவில்லை. வாழை, காய்கறி, பயறு வகைகள் எனப் பயிர் செய்தார். தனக்குப் பிள்ளை இல்லாவிட்டாலும் சகோதரியின் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாக வளர்த்தார்.

தோட்டத்தோடு நின்றுவிடவும் இல்லை. 1959-லேயே தேக்கம்பட்டி ஊராட்சியில் வார்டு உறுப்பினர் ஆனார். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் விவசாயிகள் விவாதக் குழுவில் சேர்ந்து, விஞ்ஞானிகளிடம் கேள்வி கேட்டுப் புதியதைக் கற்றுக்கொண்டார். வெந்நீர் குடிப்பது, இலையில் சாப்பிடுவது, உடம்பு வணங்கி உழைப்பது என்று அவருடைய பழக்கங்களைப் பத்திரிகைகள் எழுதின. நீண்ட ஆயுளின் ரகசியம் என்ன என்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

அவர் வாழ்க்கையில் கவனிக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. தான் சம்பாதித்த காசில் தனக்கென்று நிலம் வாங்கிய பெண் அவர். 2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி, நாட்டில் சாகுபடி நிலத்தை நடத்துபவர்களில் பெண்கள் 100-க்கு சுமார் 14 பேர்தான். நாற்று நடுவது, களை எடுப்பது, மாடு பார்ப்பது, விதையைப் பத்திரப்படுத்துவது எல்லாம் பெண்கள். ஆனால், பட்டாவில் பெயர் இருப்பது பெரும்பாலும் ஆண்களுக்கு.

இதன் வலி, வீட்டுக்காரர் இறந்த பிறகுதான் தெரியும். பல வீடுகளில் பட்டா இன்னமும் இறந்துபோன தாத்தா பெயரிலேயே கிடக்கிறது. பயிர்க்கடனுக்குப் போனால் சிட்டா, அடங்கல் கேட்பார்கள். பிரதமரின் கிசான் உதவித்தொகையும் நில ஆவணத்தில் பெயர் உள்ளவருக்குத்தான். நாற்பது வருஷம் அந்த மண்ணில் உழைத்த பாட்டி, காகிதத்தில் விவசாயியே இல்லை என்று திரும்பி வர வேண்டியிருக்கிறது.

ஆகவே, குடும்பத்தில் யாராவது இறந்தால் துக்கத்தோடு சில காரியங்களையும் மறக்கக் கூடாது. இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்து சான்று வாங்குங்கள். அடுத்து, இ-சேவை மையம் மூலம் விண்ணப்பித்து தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் பெறுங்கள். அதில் மனைவி, மகள் பெயர் விடுபடாமல் பாருங்கள். மகனைப் போலவே அவர்களும் வாரிசுகள்தான். அதன்பின் பட்டா மாறுதலுக்கு மனு கொடுங்கள். பாகம் பிரிக்கச் சம்மதம் வரவில்லை என்றால், முதலில் எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப் பட்டாவாவது வாங்கிவிடலாம்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. அதற்கு மனு தேவையில்லை. வீட்டில் இருக்கும் ஆத்தாவிடம், அப்பத்தாவிடம் இன்றைக்கே உட்கார்ந்து பேசுங்கள். எந்த வயலில் எந்தப் பயிர் நன்றாக வரும், அவரைக்கும் பூசணிக்கும் எந்தக் காயை விதைக்கு விடுவது, பயறில் வண்டு விழாமல் எப்படி வைப்பது என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். போன பிறகு படத்துக்கு மாலை போடலாம்; இந்தக் கேள்விகளுக்குப் பதில் வாங்க முடியாது.